கண் திறக்காத வள்ளி

தம்பி,

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பெரியப்பா கருப்பையா கங்காணி, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். உன் பெரியம்மா செல்லம்மா, தேங்காயும் வெற்றிலையும் சூடமும் வைத்த தாம்பாளத்தோடு நிலைப்படியிலேயே நின்றாள். எங்கள் சாணி மெழுகின தரையில் கால் பட்டுவிடக் கூடாது என்று அவளுக்கு எப்போதும் ஒரு எண்ணம். கோயில் பூசாரி மாரிமுத்து இருந்தார். அடுத்த காம்பரா ராக்காயி, ரொட்டி மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்க்க வந்தவள், போகாமல் நின்றுவிட்டாள். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து பலாப் பலகை கொண்டுவந்து கொடுத்த பண்டா மாமா மூலையில் குந்தியிருந்தார். உன் அப்பா இருந்தார். உன் அம்மா நான் இருந்தேன். நீ இல்லை. லிந்துலையில் உன் அம்மாயி வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அதனால்தான் இத்தனை வருஷமும் பாதிக் கதையை முழுக்கதை என்று நம்பிக்கொண்டிருக்கிறாய்.

உன் கடிதம் வந்தது. ஹட்டனில் தனி வீடு எடுத்திருக்கிறாய், முன் அறைச் சுவர் வெறுமையாக இருக்கிறது, நம் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து கருங்கல் சிலை வந்துவிட்டதால் அந்தப் பழைய வள்ளிப் பலகையைக் கோயில்காரர்கள் நமக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதைப் பால் காய்ச்சும் நாளில் அந்தச் சுவரில் மாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பெரியப்பா தன் கையால் மாட்டித் தர ஆசைப்படுகிறாராம். "ஒங்கம்மா மனசு எறங்கினா வர்றேன், இல்லாட்டி நான் அந்தப் பக்கமே வரல" என்றாராம். பெரியப்பாவை மன்னித்து நீங்களும் வாருங்கள், நீங்கள் வராமல் அடுப்பில் பால் வைக்க மாட்டேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். இதற்கு ஆமாம் என்று ஒரு வரியில் எழுதலாம், இல்லை என்றும் எழுதலாம். எதை எழுதினாலும் பொய்யாகிவிடும். ஆகையால் பொறுமையாக உட்கார்ந்து படி. என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். லயத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திக் கொழுந்துக் கூடையைக் கட்டிவிட்டார்கள். வாத்தியாராகிவிட்ட நீ என் பிழைகளைத் திருத்த வேண்டாம்.

நமக்கு ஓட்டு இல்லை என்று ஆகிப்போன காலம் அது. ஆண்கள் எல்லாரும் ஸ்டோர் வாசலில் கூடிக் கூடிப் பேசுவார்கள். உன் அப்பா பேசமாட்டார். அவர் கொழுந்தைத் தேயிலையாக்குகிற அந்த ஸ்டோரில் பெட்டி அடிக்கிற வேலையில் இருந்தார். ஆசாரிக் குலத்தில் பிறந்தவர் இல்லை. பெட்டிக்குப் பலகை அறுத்து அறுத்துக் கை பழகினவர். அந்த வருஷம் கொழுந்து அரைக்கிற ரோதை இயந்திரத்தின் மேசையைப் புதுசாக மாற்றினார்கள். அந்த மேசைக்குப் பித்தளைத் தகடுதான் போர்த்தியிருப்பார்கள். எத்தனையோ வருஷம் பச்சைக் கொழுந்து உருண்டு உருண்டு, சாறு ஊறி, தகடு கறுத்துப் போயிருந்தது. கழித்துப் போட்டதில் ஒரு துண்டை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு எல்லார் கண்முன்னாலும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நான்தான் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் என் கையில் புளிப்பு வாடை போகவில்லை. தேய்த்து முடித்தபோது காம்பராவுக்குள் வெயில் வந்த மாதிரி இருந்தது. நம் காம்பராவுக்கு வெயில் எப்போது வந்தது?

சாமி படம் மாட்டுவது லயத்தில் ஒரு பெரிய பாடு. தலவாக்கலைக் கடைக்காரர்கள் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கிற முருகன் படத்தை ஆசையாகக் கொண்டுவந்து ஒட்டுவோம். மழைக்காலம் தாண்டுவதற்குள் சுவர் ஓதம் ஏறி முருகனுக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். மயில் முதலில் போகும், பிறகு வேல் போகும், கடைசியில் சிரிப்பு மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உன் அப்பாவுக்கு அந்த எண்ணம் வந்தது. "காயிதச் சாமி நம்ம மலைக்குத் தாங்காது புள்ள. மரத்துலயும் பித்தளையிலயும் ஒண்ணு செஞ்சு மாட்டுவோம், பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் கெடக்கும்" என்றார். பண்டா மாமா பலாப் பலகை கொடுத்தார்; பலா மரத்துக்குப் பூச்சி வராது என்று தட்டித் தட்டிக் காட்டினார். ரோட்டுக்கு ஊற்றுகிற தாரை உருக்கி ஒரு கட்டையில் பரப்பி, அது இறுகிக்கொண்டு வரும்போது தகட்டை அதன்மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கமிருந்து சின்னச் சுத்தியால் தட்டினார். பின்னால் பள்ளமாவது முன்னால் மேடாகும். தினைப்புனத்தில் பரண் மேல் கவண் பிடித்து நிற்கிற வள்ளி. ஆனால் பரணுக்குக் கீழே அவர் தினையைப் போடவில்லை. தேயிலைச் செடியைப் போட்டார்.

முகம் மட்டும் வெகுநாள் வரவில்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது, ஆணியால் தகட்டில் கோடு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அசையாத புள்ள."

"ரொட்டி கருகுது."

"கருகட்டும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு."

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க? வேற வேல இல்லையா?"

"படத்துல இருக்க வள்ளியெல்லாம் துணிக்கடையில உக்காந்திருக்க மாதிரியே இருக்கு. மழையில நனைஞ்சு மலையில நின்னவ மூஞ்சி வேணும். அதுக்கு நான் எங்க போறது?"

அன்றைக்கு மூன்று ரொட்டி கருகியது. தம்பி, அந்த வள்ளியின் முகம் என் முகம். இதைத்தான் உனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. கவ்வாத்து வெட்டின செடியின் குச்சி குத்தி என் இடது புருவத்தில் விழுந்த தழும்பு இருக்கிறதல்லவா, அதையும் அவர் விடவில்லை. தகட்டில் இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். நீ பரீட்சைக்குப் போகுமுன் கோயிலில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாயே, அது என்னைத்தான். நான் அப்போது வெளியே கொடிமரத்துக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடித்த பிறகும் கண் இரண்டையும் மொழுமொழுவென்று விட்டுவிட்டார். நான் கேட்டேன். "கண்ணத் தொறந்தா அது சாமி. தொறக்காட்டி நம்ம வீட்டுப் பொருளு" என்றார். "சாமியாக்கிட்டா தெனம் வெளக்கு வைக்கணும், சுத்தம் பாக்கணும். நம்ம ஒரு காம்பராவுலதான் எல்லாமே. கருவாடு சுடுவோம், சண்ட போடுவோம். அத்தனையையும் பாத்துக்கிட்டு அது அங்க நிக்கணுமா? பாவம், கண்ண மூடிக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்." அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் மண் உதிரும் என்பதால் முதலில் கல்லிடுக்கில் மர ஆப்பை இறுக்கி, அதில் ஆணி அடித்து மாட்டினார். நான் மலையிலிருந்து வந்து கூடையை இறக்கினதும் ஈரக் கையோடு அந்தக் கன்னத்தை ஒருதரம் தடவுவேன். குளிர்ந்து கிடக்கும். எனக்கு என்று அந்தக் காம்பராவில் வேறு என்ன இருந்தது சொல். கூடை தோட்டத்துடையது, கம்பளி கடன், பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. அது ஒன்றுதான் என்னைப் பார்த்து எனக்காகச் செய்தது.

நம் தோட்டத்துக் கோயிலில் அப்போது வேல் மட்டும்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் சாமி சிலை வைத்துவிட்டார்கள். அவர்கள் தேருக்கு உன் பெரியப்பா போனபோது அங்கே ஒரு கங்காணி, "என்னப்பா, ஒங்க கோயில்ல வேலு மட்டும் இருக்கு, சாமி லீவுல போயிருக்காரா?" என்று கேட்டுவிட்டான். உன் பெரியப்பா வாங்கின அடியை மறப்பார், கேலியை மறக்கமாட்டார். அந்த ஒன்றில் அவரும் நானும் ஒரே ஜாதி. நம் காம்பராவில் ஒரு வள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை பூசாரியையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏன்டா, இம்மாம் பெரிய தெய்வத்த அடுப்புப் பொகையில மாட்டி வச்சிருக்கியே, ஒனக்கு புத்தியிருக்கா?"

"அது சாமி இல்லண்ணே. கண்ணு தொறக்கல. சும்மா செவுத்துக்கு அழகா இருக்கட்டும்னு..."

"தொறக்கலன்னா தொற. இன்னைக்கி நல்ல நாளுதான். ஏன் பூசாரி?"

"செஞ்சவன் கையாலதான் தொறக்கணும்" என்றார் பூசாரி. "தொறந்துட்டா நான் தூக்கிக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் வேற கை படப்படாது."

உன் அப்பா என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து, ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். அதெல்லாம் எனக்குத் தெரியும். பண்டா மாமா மட்டும் மூலையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார். "நங்கி, ஹொந்தத?" என்று மெல்லக் கேட்டார். தங்கச்சி, இது உனக்குச் சரியா என்று அர்த்தம். அங்கே இருந்த இத்தனை பேரில் என்னைக் கேட்ட ஒரே மனிதர் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மற்றவர்களைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "எங்க ஊர்ல கண் வைக்கிறது இப்படி இல்ல. கண்ணாடியில பாத்துத்தான் வைக்கிற. நேரா பாக்கிறது இல்ல. இது பயம் உள்ள வேல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

பெரியப்பா பலகையின் அருகே போய் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார். தம்பி, இந்த இடத்தை நிதானமாகப் படி.

"ஏன்டா, இந்த மூஞ்சிய நான் எங்கயோ பாத்திருக்கேன். யாரு மூஞ்சிடா இது?"

ராக்காயி தகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிலைப்படியில் நின்ற உன் பெரியம்மா சிரித்தாள். "லயத்துப் பொம்பள யாரு மூஞ்சியாச்சும் இருந்துறப் போகுது! அப்புறம் கொழுந்து எடுக்குறவளுக்கா நாம சூடம் காட்டுறது?"

"மனுச சாயல் இருந்தா ஆகாது கங்காணி" என்றார் பூசாரி. "அப்படின்னா இது இங்கயே இருக்கட்டும். கோயிலுக்கு வேணாம்."

பார்த்தாயா? கதவு திறந்தே இருந்தது. யாரும் எங்களைக் கட்டிப்போடவில்லை, யாரும் பிடுங்கவில்லை. "இது என் பொண்டாட்டிண்ணே" என்று ஒரு வார்த்தை போதும். தேங்காயும் வெற்றிலையும் வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். நான் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஒரு பெண்பிள்ளை அத்தனை பேர் முன்னால் நின்று, சாமியைக் கைகாட்டி, இது நான் என்று எப்படிச் சொல்வாள்? அதைச் செய்தவர்தான் சொல்ல வேண்டும். நான் உன் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாருமில்லண்ணே" என்றார். "சும்மா... கைக்கு வந்துச்சு."

அப்புறம் உளியை எடுத்தார். இரண்டு கண்ணையும் திறந்தார். பூசாரி சூடம் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்ய? பலகையை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். சுவரில் ஆப்பும் ஆணியும் மட்டும் இருந்தன.

மறுநாள் கேட்டேன், கேட்காமல் விடவில்லை. "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அண்ணன் முன்னால எப்பிடி புள்ள? பொண்டாட்டி மூஞ்சிய வரைஞ்சு செவுத்துல மாட்டியிருக்கேன்னா லயமே சிரிக்காதா?"

"சிரிச்சா என்ன?"

"ஒனக்குத்தான பெரும? தோட்டமே ஒன்னையத்தான் கும்புடப் போகுது."

"கும்புடுறவங்களுக்கு அது நான்னு தெரியுமா?"

வேறொன்று செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை என்பது உனக்கே தெரியும். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டுக்கு மயில் செய்தார், தலவாக்கலைக் கடைக்காரர் வீட்டுக்குப் பிள்ளையார் செய்தார், கல்யாண வீடுகளுக்கு வேலும் ஓமும் பலகையில் பதித்துக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் எத்தனையோ சுவரில் அவர் கைவேலை மினுங்குகிறது. நம் சுவரில் ஆணி மட்டும். அதில் நான் அரிக்கேன் விளக்கைக் கூடத் தொங்கவிட்டதில்லை. அவர் பிடுங்கப் பார்த்தபோது விடவும் இல்லை.

பிறகு நடந்ததில் சிரிப்பும் உண்டு. கோயிலில் ஒருநாள் கொஞ்சம் கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். "தள்ளி நில்லு புள்ள, சாமி மேல மூச்சுப் படுது" என்று பூசாரி விரட்டினார். என் மூச்சு என்மேல் படக்கூடாதாம். ஒருத்தி வெள்ளிக்கிழமை காலையில் அந்த முகத்துக்கு முன்னால் பிள்ளை வரம் கேட்டு அழுதாள். மறுநாள் மலையில் எனக்கு ஒதுக்கின செடி நிரைக்குள் புகுந்து நல்ல கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளினாள். என்னடி என்று கேட்டால், "ஒன் பேரு எழுதியிருக்கா?" என்றாள். ராக்காயி செடிக்குள் குனிந்து குனிந்து சிரித்தாள். "சாமிய இப்பிடித் திட்டுறாளே, இவளுக்கு எங்கேருந்து பிள்ள வரும்?" என்பாள். அடுத்த வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. அதற்கும் நான்தான் பொறுப்பு என்று ராக்காயி இன்றைக்கும் சொல்லுவாள்.

உன் பெரியப்பாவுக்கு நான் முகம் கொடுக்காமல் இருந்தது உண்மை. பண்டிகைக்குப் பலகாரம் அனுப்பமாட்டேன், அவர் வந்தால் உள்ளே போய்விடுவேன். என் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவர் தோதாக இருந்தார். போன மாதம் கருங்கல் சிலை வைப்பதற்கு முன்னால் பழைய சாமியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கினார்களே, அதோடு அந்தப் பித்தளை வெறும் பித்தளையாகிவிட்டது. யாரும் தொடலாம் என்றதும் பெரியப்பா தொட்டாராம். அவருக்குத்தான் இப்போது பார்வை மங்கிவிட்டதே, விரலால் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். இடது புருவத்தில் விரல் நின்றிருக்கிறது. அன்றைக்கே கம்பைத் தட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

"ஏம்மா, அது நீதான?"

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.

"நான் அன்னைக்கே கேட்டேனேம்மா. அவன் யாருமில்லன்னானே. தெரிஞ்சிருந்தா நான் ஏம்மா தூக்கிட்டுப் போறேன்?"

உன் அப்பா உள்ளேதான் இருந்தார். ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். அழுகை அவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு அந்த மனிதர் படியிறங்கிப் போய்விட்டார். அதனால்தான் உன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இதையெல்லாம் இப்போது நான் எழுதுவதற்கு அந்தப் பலகை மட்டும் காரணம் இல்லை. போன தீபாவளிக்கு உன் பழைய வீட்டுக்கு வந்திருந்தேன். உன்னோடு வேலை பார்க்கிற ஒருவர் வந்து உட்கார்ந்தார். வாசலில் தொங்கின திரைச்சீலையைப் பார்த்து, "மயில் அழகா இருக்கே, யார் தச்சது சேர்?" என்று கேட்டார். என் மருமகள் சரசு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எத்தனை நாள் கண் வலிக்க அதைத் தைத்தாள் என்று உனக்குத் தெரியும். "சும்மா, பசார்ல வாங்கினது" என்றாய். அவள் அப்போது அவருக்கு டீயை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகத்தை மட்டும் நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. உனக்கு என்ன கூச்சமோ, பெண்டாட்டியைப் புகழ்கிறவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தையை நான் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேன். அதே மாதிரி லேசாக, தோளைக் குலுக்கிக்கொண்டு.

அவள் உன்னிடம் சண்டை போட்டிருக்கமாட்டாள். போடவில்லை என்பதால் மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. சோறு போடுவாள், துணி துவைப்பாள், உன் தலைவலிக்குத் தைலம் தேய்ப்பாள், சிரிப்பாள் கூட. ஒரு ஆணி மட்டும் சுவரில் இருந்துகொண்டே இருக்கும். அந்த மனிதரை மறுபடியும் வீட்டுக்குக் கூப்பிடு. பால் காய்ச்சும் நாளுக்கே கூப்பிடு. அந்தத் திரைச்சீலையைப் புது வீட்டு வாசலில் போட்டு, இது என் சம்சாரம் தைத்தது, அன்றைக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று அவள் காது கேட்கச் சொல். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். அது ஒருநாளோடு போய்விடும்.

பலகையை எங்கே மாட்டுவது என்று கேட்டாயே. அடுப்புச் சுவரில் வேண்டாம். ஹட்டன் மழைக்கு ஓதம் ஏறுகிற சுவரிலும் வேண்டாம். பித்தளை தாங்கும், பலகை முதுகு கறுத்துவிடும். வாசலைத் தாண்டி வந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், என் கை எட்டுகிற உயரத்தில் மாட்டு. விளக்கு வைக்காதே, பூ வைக்காதே, பூசை எதுவும் வேண்டாம். அது சாமியாக இருந்தது போதும். டப்பா பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து பூசாரி மூக்கை மழுக்கிவிட்டார். இனிமேல் புளி போதும், அதுவும் மெத்தெனத் தேய்க்கச் சொல். உன் மகள் தொட்டு விளையாடட்டும். உன் அக்கா பிள்ளைகள் வந்தால் அவர்களும் தொடட்டும். வருகிறவர்கள் இது யார் என்று கேட்பார்கள், அந்த முகம் அப்படிக் கேட்க வைக்கும். அப்போது, இது என் அம்மா, கொழுந்து எடுத்தவள் என்று சொல்ல வேண்டும். உன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராது என்று தோன்றினால் இப்போதே எழுதிவிடு. அந்தப் பலகையை மாட்டவே வேண்டாம், ஆற்றில் விட்டுவிடலாம். எனக்கு வருத்தமில்லை. இன்னொரு சுவரிலும் யாருமில்லாதவளாகத் தொங்க நான் சம்மதிக்கமாட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பெரியப்பாவிடம் போய், அம்மா வரச் சொன்னாள் என்று சொல். அவர் கையாலேயே மாட்டட்டும். கண் தெரியாதவர் ஆணி அடித்தால் கோணலாகத்தான் வரும், கோணலாகவே இருக்கட்டும். முதல் டம்ளர் பாலை அவருக்கு நானே கொடுக்கிறேன். அவர் கேட்டார், கிடைத்த பதிலை நம்பினார், அவ்வளவுதான் அவர் செய்தது. அவரை மன்னிக்க எனக்கு ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் முகம் திருப்பியதற்கு அவர்தான் என்னைப் பொறுக்க வேண்டும். செல்லம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, அதுவும் போகட்டும், அவளுக்கு நாக்கே அப்படி. பூசாரி செத்தே போனார்.

பலகையைச் சாக்கில் சுற்றி ரயிலில் தூக்கிக்கொண்டு வரப்போகிறவர் உன் அப்பா. அவரோடுதான் நானும் வருவேன், அவரோடுதான் திரும்புவேன். நல்ல மனிதர், என்மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. நேற்றும் அவருக்கு ரொட்டி சுட்டு, மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கட்டைச் சம்பல் அரைத்து வைத்தேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதும் அவர்தான். பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அவர் பெயரை இதுவரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதும் இல்லை. நம் பெண்கள் சொல்வதில்லை. அத்தனை பேர் முன்னால் அவர் என்னைச் சொல்லாமல் விட்டார். நான் அவரைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான், தம்பி. அவர் பெயர் இது:

சோலைமலை.